17 டிகிரி சாய்வு

கிப்சன் லெஸ் பால் கிட்டார் கீழே விழுந்துவிட்டது என்று யாராவது பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு வந்தால், எங்கே உடைந்தது என்று பழுதுபார்ப்பவர் கேட்பதில்லை. பெட்டியைத் திறப்பதற்கு முன்பே அவருக்குத் தெரியும். கழுத்து முடிந்து தலை தொடங்கும் இடம். தந்திகள் ஏறி இறங்கும் ‘நட்’ என்ற சிறு கட்டைக்குச் சற்றுப் பின்னால். உடம்பில் ஒரு கீறல்கூட இருக்காது. ஆறு முறுக்காணிகளோடு தலை மட்டும் முறிந்து, தந்திகளின் பிடியில் தொங்கிக்கொண்டிருக்கும்.

கிட்டார் உலகில் ‘ஹெட்ஸ்டாக்’ என்று சொல்லப்படும் இந்தத் தலையின் முறிவை, வைத்திருந்தவரின் கவனக்குறைவு என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அது முழு உண்மையல்ல. அதே உயரத்திலிருந்து அதே தரையில் விழும் ஃபெண்டர் கிட்டார் பெரும்பாலும் சிராய்ப்போடு தப்பிவிடுகிறது. லெஸ் பாலின் முறிவு, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள கலமசூ என்ற ஊரில் நூறாண்டுகளுக்கு முன் தொடங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக எடுக்கப்பட்ட முடிவுகளின் விளைவு.

ஆர்வில் கிப்சன் 1856இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். கலமசூவுக்கு வந்து செருப்புக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே மரத்தில் வாத்தியங்களைச் செதுக்கினார். மரத்தை வளைத்தாலும் துண்டுகளை ஒட்டினாலும் அதிர்வு கெடும் என்பது அவருடைய உறுதியான எண்ணம். 1898இல் அவர் பெற்ற மாண்டலின் காப்புரிமையின் சாரமே, பக்கங்களையும் கழுத்தையும் ஒரே கட்டையிலிருந்து குடைந்தெடுப்பதுதான். தஞ்சாவூரில் ஒட்டு வீணையைவிட ஒரே பலா மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணைக்கு மதிப்பு அதிகம் என்பதை அறிந்தவர்களுக்கு ஆர்வில் கிப்சனின் மனம் எளிதில் புரியும். 1902இல் உள்ளூர் வியாபாரிகள் சிலர் சேர்ந்து அவர் பெயரில் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். குடையும் முறை தொழிற்சாலை உற்பத்திக்குச் சரிப்படவில்லை. அது சீக்கிரமே மறைந்துபோனது. ஆனால் ஒரே மரம் என்ற பெருமிதம் கழுத்தில் தங்கிவிட்டது.

தலை ஏன் பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும்? தந்தி நட்டின் மேல் அழுந்தி உட்கார்ந்தால்தான் ஒலி தெளிவாக இருக்கும், தந்தி கரகரக்காமல் நழுவாமல் நிற்கும். அந்த அழுத்தத்தைத் தருவது சாய்வுதான். பழைய ஐரோப்பிய லூட் வாத்தியத்தில் தலை ஏறக்குறைய செங்குத்தாகவே மடிந்திருக்கும். கிட்டாருக்கு அவ்வளவு தேவையில்லை. கிப்சன் வைத்துக்கொண்ட சாய்வு 17 டிகிரி.

சாய்வு மட்டும் தீங்கு செய்வதில்லை. அதை மரத்தில் எப்படி உண்டாக்குகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கழுத்தையும் சாய்ந்த தலையையும் ஒரே பலகையிலிருந்து அறுத்தெடுத்தால், கழுத்தின் நீளவாக்கில் ஓடிவரும் மரத்தின் ரேகை தலைக்குள் திரும்பாது. பலகையில் எப்படி ஓடியதோ அப்படியே நேராகப் போய், தலையின் முகப்பில் வெளியேறிவிடும். அந்த வளைவில் நீண்ட நார் எதுவும் இருக்காது. குட்டையான நார்களே நிற்கும். பலகையின் எந்த இடத்திலிருந்து அறுத்தார்கள் என்பதைப் பொறுத்து இந்தப் பலவீனம் கூடும், குறையும். கையில் எடுத்துப் பார்க்கும் வாசிப்பாளருக்கு அது தெரியாது; மேலே பளபளவென்று லேக்கர் பூசியிருக்கும்.

இதே இடத்தில் இன்னொரு வெட்டும் விழுந்தது. எஃகுத் தந்திகளின் இழுப்பில் கழுத்து வளைந்துபோவது அக்காலத்துப் பெரிய தொல்லை. இன்றைய மின் கிட்டாரின் சாதாரணத் தந்திகள் ஆறும் சேர்ந்து சுமார் 45 கிலோ விசையில் இழுக்கின்றன. அக்கூஸ்டிக் கிட்டாரில் சுமார் 70 கிலோ. கிப்சன் தொழிற்சாலையில் வேலை பார்த்த டெட் மெக்ஹ்யூ, கழுத்தின் உள்ளே எஃகுத் தண்டு ஒன்றைப் பதித்து, அதன் மரையை முறுக்கி வளைவைச் சரிசெய்யும் வழியைக் கண்டுபிடித்தார். 1921இல் விண்ணப்பித்த காப்புரிமை 1923இல் கிடைத்தது. ட்ரஸ் ராட் என்ற அந்தத் தண்டு இல்லாத எஃகுத் தந்தி கிட்டாரை இன்று காண்பது அரிது. அருமையான கண்டுபிடிப்பு, கழுத்தை மெலிதாகச் செய்ய வழிவிட்டதும் அதுதான். ஆனால் முறுக்கும் மரையை வைக்க நட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளம் தோண்ட வேண்டியிருந்தது. ரேகை ஏற்கெனவே குட்டையாகிவிட்ட அதே இடத்தில், நடுவிலிருந்து மரத்தை எடுத்துவிட்டார்கள். மணி வடிவ மூடி ஒன்று அந்தப் பள்ளத்தை மறைத்துக்கொண்டது.

1952இல் லெஸ் பால் கிட்டார் வந்தது. மகோகனி உடம்பு, மேலே மேப்பிள், ஒரே துண்டு மகோகனிக் கழுத்து, 17 டிகிரி தலை. கனமான வாத்தியம்; பல லெஸ் பால்கள் நாலு கிலோவைத் தாண்டும். மேடையில் பெருக்கியின் மேல் சாய்த்து வைத்திருக்கும்போது யாரோ ஒயரில் கால் தடுக்கினால் போதும். மல்லாந்து விழும் கிட்டாரில், பின்னோக்கிச் சாய்ந்த தலைதான் உடம்புக்கு முன்னால் தரையைத் தொடும். பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும்போதே முறிந்த கிட்டார்களும் உண்டு: பெட்டி சாய்ந்து விழும், கழுத்தைத் தாங்கும் மெத்தையில் கழுத்து நின்றுவிடும், முறுக்காணிகளின் எடையோடு தலை மட்டும் நிற்காமல் போய்த் தெறிக்கும்.

அதே காலத்தில் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் லியோ ஃபெண்டர் வேறு வழியில் போனார். அவர் வாத்தியம் செய்யும் பரம்பரையில் வந்தவரல்ல, ரேடியோ பழுதுபார்த்தவர். வாசிக்கவும் தெரியாது. 1950இல் அவர் விற்கத் தொடங்கிய கிட்டாரின் கழுத்து, தட்டையான மேப்பிள் பலகையிலிருந்து அறுத்தெடுத்தது. தலை சாயவில்லை, சற்றுக் கீழே இறங்கி நேராகவே நின்றது. தந்தியை அழுத்திப் பிடிக்கச் சிறு கொக்கி ஒன்றைத் தலையில் திருகினார். ரேகை தலைவரை நேராக ஓடியது. கழுத்து கெட்டால் நாலு திருகைக் கழற்றி வேறு கழுத்தை மாட்டலாம். பழுதுபார்ப்பவனின் மூளையிலிருந்து வந்த வாத்தியம் அது. இந்த ஒரு விஷயத்தில் ஃபுல்லர்டன் கலமசூவை வென்றுவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

கலமசூவில் இருந்தவர்களுக்குத் தங்கள் கிட்டாரின் குறை தெரியாமல் இல்லை. 1960களின் நடுவில் சாய்வை 14 டிகிரிக்குக் குறைத்தார்கள். 1969 கடைசியில் நட்டுக்குப் பின்னால், வெட்டு விழுந்த அந்த இடத்தில், மரத்தை முண்டாகத் தடிக்க விட்டார்கள்; ‘வொல்யூட்’ என்பது அதன் பெயர். ஒரே துண்டுக்குப் பதில் மூன்று துண்டுகளை ஒட்டிக் கழுத்து செய்தார்கள். 1970களின் நடுவில் மகோகனியை விட்டு, அதைவிட உறுதியான மேப்பிளுக்கு மாறினார்கள். பொறியியல் கண்ணோடு பார்த்தால் ஒவ்வொன்றும் சரியான மாற்றம். தலை முறிவது உண்மையிலேயே குறைந்தது.

வாசிப்பாளர்கள் இதையெல்லாம் வெறுத்தார்கள்.

அதற்குக் காரணம் மரத்தில் இல்லை, காலத்தில் இருந்தது. 1969இல் கிப்சனின் தாய் நிறுவனம் கைமாறியது. பிறகு நார்லின் என்று பெயர் பெற்ற கூட்டு நிறுவனத்தின் கைக்கு அது போனது. கிட்டார்களின் எடை ஏறியது, செய்நேர்த்தி குறைந்தது என்ற மனக்குறை பரவியது. எரிக் கிளாப்டன், பீட்டர் கிரீன், ஜிம்மி பேஜ் ஆகிய கிட்டார் கலைஞர்களின் கையில் 1958 முதல் 1960 வரை செய்யப்பட்ட பழைய சன்பர்ஸ்ட் லெஸ் பால்களைக் கண்ட இளைஞர்கள் அவற்றைத் தேடத் தொடங்கினார்கள். கையால் தடவினால் தட்டுப்படும் வொல்யூட், நார்லின் காலத்தின் அடையாளமாகிப்போனது. நல்ல திருத்தம், கெட்ட பெயரோடு சேர்ந்து பழிபட்டது. 1980களின் தொடக்கத்தில் வொல்யூட் போனது, மேப்பிள் கழுத்து போனது, மகோகனியும் 17 டிகிரியும் திரும்பி வந்தன. கலமசூ தொழிற்சாலையே 1984இல் மூடப்பட்டு வேலை முழுவதும் டென்னசியின் நாஷ்வில் நகருக்குப் போய்விட்டது. ஊரை விட்டுப் போக மனமில்லாத பழைய தொழிலாளர்கள் சிலர் 1985இல் அதே பார்சன்ஸ் தெருக் கட்டடத்தில் ஹெரிட்டேஜ் என்ற பெயரில் கிட்டார் செய்யத் தொடங்கினார்கள்.

கிப்சனின் அந்தத் தலையின் வடிவத்துக்காக வழக்கும் நடந்திருக்கிறது. விரித்த புத்தகத்தின் மேல்விளிம்பைப் போன்ற கிப்சன் தலையை ஐபனீஸ் கிட்டார்கள் அப்படியே எடுத்துக்கொண்டன என்று, அவற்றை அமெரிக்காவில் விற்ற எல்கர் நிறுவனத்தின் மீது நார்லின் 1977இல் வழக்குப் போட்டது. மறு ஆண்டு சமரசமாக முடிந்தது. நிறுவனத்தின் பெயர், வடிவம், பின்பக்கத்தில் வரிசை எண் என்று கிப்சனின் முகவரி முழுவதும் அந்தத் தலையில்தான் இருக்கிறது. முறிந்த தலையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வைக்கப் பழுதுபார்ப்பவர்கள் தயங்குவதற்கும், சில சில்லுகளை ஒட்டிக் காப்பாற்ற நாள்கணக்கில் உட்கார்ந்திருப்பதற்கும் இதுதான் காரணம்.

பழுதுபார்க்கும் தொழிலுக்கு நீண்டகாலம் புத்தகம் இருந்ததில்லை. தச்சர்களும் பியானோக்காரர்களும் வயலின் கடைக்காரர்களும் தங்களுக்குத் தெரிந்ததைச் செய்தார்கள். முறிந்த தலையில் முன்பக்கமிருந்து திருகாணி இறக்கியவர்கள் உண்டு. இரும்புத் தகடு வைத்து போல்ட் போட்டவர்கள் உண்டு. மரமுளை அடித்தவர்கள் உண்டு. திருகாணி குட்டை நாரை மேலும் பிளக்கும். இரண்டாம் முறை உடையும்போது ஒட்டுவதற்கு மரமே மிஞ்சாது.

1960களின் நாட்டுப்பாடல் அலையிலும் ராக் அலையிலும் அமெரிக்க வீடுகளில் கிட்டார் பெருகிய பிறகுதான் நிலைமை மாறியது. ஒஹாயோ மாநிலத்தின் ஏதன்ஸ் நகரில் 1968இல் தொடங்கிய ஸ்டூவர்ட்-மெக்டொனல்ட் நிறுவனம் வாத்தியம் செய்பவர்களுக்கான கருவிகளைத் தபாலில் அனுப்பியது. 1972இல் அமெரிக்க வாத்தியக் கைவினைஞர் சங்கம் உருவாகித் தொழில் ரகசியங்களை அச்சில் பகிர்ந்தது. இர்விங் ஸ்லோன், மார்ட்டின் தொழிற்சாலையின் பழுதுபார்க்கும் பிரிவில் நடக்கும் வேலையைப் படம் எடுத்து 1973இல் நூலாக்கினார். ஹிடியோ கமிமோட்டோவின் நூல் 1975இல் வந்தது. பிறகு வந்த டான் எர்லவைன், புளூஸ் மேதை ஆல்பர்ட் கிங்குக்கு 1972இல் வால்நட் மரத்தில் கிட்டார் செய்துகொடுத்தவர். பத்திரிகைப் பத்திகளிலும் நூல்களிலும் காணொளிகளிலும் அவர் கற்றுக்கொடுத்த அளவுக்கு இந்த வேலையை வேறு யாரும் பொதுவில் கற்றுக்கொடுத்ததில்லை. மூடி வைத்திருந்தால் காசு பார்த்திருக்கக்கூடிய தொழிலறிவை இவர்கள் திறந்து வைத்தார்கள். இன்று உலகின் எந்த மூலையிலும் முறிந்த தலை ஒட்டப்படுகிறதென்றால் அந்தத் தாராளம்தான் காரணம்.

வேலை எப்படி நடக்கிறது?

நல்ல முறிவு, கெட்ட முறிவு என்று இரண்டு உண்டு. ரேகையோடு நீளமாகப் பிளந்திருந்தால் நல்லது. இரு பக்கமும் அகலமான பரப்பு, நார் நாரோடு பொருந்தும். பழுதுபார்ப்பவர் முதலில் பசையே இல்லாமல் இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்ப்பார். முடி நுழையும் இடைவெளிகூட இல்லாமல் மூட வேண்டும். நடுவில் ஒரு சிம்பு மடங்கியிருந்தாலும் மூடாது. அதை ஊசிமுனையால் நிமிர்த்த வேண்டும். ட்ரஸ் ராடின் மரையில் பசை இறங்காதபடி மெழுகு தடவ வேண்டும். கழுத்தின் வளைவுக்கு ஏற்றபடி கடைந்த கட்டைகளை வைத்து, எந்த கிளாம்ப் எங்கே, எந்த வரிசையில் என்று ஒருமுறை வெள்ளோட்டம் பார்த்துக்கொள்வார். பசை தடவிய பிறகு யோசிக்க நேரம் இருக்காது.

பசை இரண்டு வகை. ஒன்று நம் ஊர்த் தச்சர்கள் வச்சிரம் என்று சொன்ன தோல் பசை. தண்ணீரில் ஊறவைத்துச் சுமார் 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் இளக்குவது. சில நிமிடங்களில் இறுகத் தொடங்கிவிடும், கை வேகம் வேண்டும். பின்னால் பிரிக்க நேர்ந்தால் சூடும் ஈரமும் கொடுத்துப் பிரிக்கலாம். மற்றொன்று மஞ்சள் மரப்பசை. கொஞ்சம் நிதானம் கொடுக்கும். ஒரு நாள் கிளாம்பில் விட்டால் போதும். சரியாக மூடிய ஒட்டில் இரண்டுமே மரத்தைவிடப் பலமானவை. ஒட்டிய தலை மறுபடி விழுந்தால் பல சமயம் ஒட்டை விட்டுவிட்டுப் பக்கத்து மரம்தான் விரிகிறது. இதை எத்தனை முறை சொன்னாலும் வாங்க வருபவர்கள் நம்புவதில்லை என்பது இந்தத் தொழிலின் நிரந்தர வருத்தம்.

கெட்ட முறிவு குறுக்காக, மொட்டையாக இருக்கும். அங்கே பசைக்குப் பிடிமானம் கிடையாது. கழுத்தின் பின்னால், ட்ரஸ் ராடுக்கு இரு பக்கமும் வாய்க்கால் வெட்டி, நீளமான ரேகை உள்ள மரச்சட்டங்களைப் பதித்து, கழுத்தோடு கழுத்தாக இழைத்துவிடுவது ஒரு வழி. தலையின் பின்பக்கத்தைச் சில மில்லிமீட்டர் சீவி எடுத்து, வளைத்த மெல்லிய மரத்தகடுகளை முறிவின் மேல் முதுகுப்பட்டையாக ஒட்டுவது இன்னொன்று. பலத்துக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் வரிசை எண் அந்தப் பட்டைக்கு அடியில் மறைந்துபோகும் அல்லது சீவலோடு போய்விடும். கிட்டார் உறுதியாவதும் அதன் அத்தாட்சி அழிவதும் ஒரே வேலையில் நடந்துவிடும். வாசிக்கிறவருக்கு உறுதி வேண்டும், சேகரிப்பவருக்கு அத்தாட்சி வேண்டும். கடைசியில் நிறம்: மகோகனியின் துளைகளை நிரப்பி, பழைய லேக்கரின் தேன் மஞ்சளைக் கலந்து, முறிவின் கோட்டை மறையச் செய்வது. ஒட்டுவதைவிட இதற்கே அதிக நேரம் பிடிக்கும்.

வயலின் உலகம் இந்த விஷயத்தில் எவ்வளவோ முதிர்ந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், பெரிய அரங்குகளுக்கு உரத்த ஒலி தேவைப்பட்டபோது, பழைய இத்தாலிய வயலின்களின் கழுத்துகளை வெட்டி எடுத்தார்கள். நீளமான, சாய்வு கூடிய புதுக் கழுத்து செய்து, பழைய சுருள் தலையை அதன் மேல் ஒட்டினார்கள். ஸ்ட்ராடிவாரி செய்த வயலின்கள் ஏறக்குறைய எல்லாமே இப்படி அறுவை செய்யப்பட்டவைதான். முதல் கழுத்து மாறாமல் தப்பியவற்றில் ஒன்று, 1690இல் மெடிசி குடும்பத்துக்காகச் செய்த டெனர் வியோலா. அது ஃபிளாரன்ஸில் காட்சியில் இருக்கிறது. கழுத்து ஒட்டு என்பதற்காக எந்த ஸ்ட்ராடிவாரியின் விலையும் இறங்கியதில்லை.

கிட்டார்ச் சந்தையிலோ தலை முறிந்து ஒட்டிய பழைய கிட்டாருக்கு ஏறக்குறைய பாதி விலை என்பது எழுதாத விதி. 1959இல் 300 டாலருக்கும் குறைவாக விற்ற லெஸ் பால் இன்று லட்சக்கணக்கான டாலர். அதில் பாதி என்றால் ஒரு வீடு. விற்பவர் முறிவை மறைக்கப் பார்ப்பதும், வாங்குபவர் புற ஊதா விளக்கோடு வந்து லேக்கரில் புதுப்பூச்சு ஒளிர்கிறதா என்று தேடுவதும் இதனால்தான். ஒலியைக் காதால் கேட்டு எடைபோட்டால் இந்த விதி நிற்காது. பீட்டர் கிரீன் 1960களில் வாசித்த 1959 லெஸ் பால், 1970களின் தொடக்கத்தில் கிட்டார் கலைஞர் கேரி மூரிடம் போனது. கழுத்து உடைந்து ஒட்டப்பட்ட வாத்தியம் அது. அதே கிட்டாரில்தான் மூர் 1995இல் கிரீனுக்குக் காணிக்கையாக ஒரு முழு ஆல்பம் வாசித்தார். 2014இல் அதை வாங்கிய மெட்டாலிகா குழுவின் கிர்க் ஹாம்மெட் பூட்டி வைக்கவில்லை. மேடை மேடையாகக் கொண்டுபோய் வாசிக்கிறார். ‘கிரீனி’ என்ற பெயருள்ள அந்தக் கிட்டாரைப் பார்த்து கிப்சன் நிறுவனமே நகல் செய்து விற்கிறது.

தலை முறிந்ததில் ராக் இசையின் சடங்கு ஒன்றும் பிறந்திருக்கிறது. 1964இல் லண்டனின் ஹாரோ பகுதியில் ரயில்வே ஹோட்டலில் தி ஹூ குழு வாசித்தபோது, பீட் டவுன்ஷெண்டின் ரிக்கன்பேக்கர் கிட்டாரின் தலை தாழ்வான கூரையில் இடித்து உடைந்தது. கூட்டத்தில் சிலர் சிரித்ததும் மிச்சத்தையும் அவர் அடித்து நொறுக்கினார். அடுத்த பல ஆண்டுகள் ரசிகர்கள் அதையே எதிர்பார்த்து வந்தார்கள்.

முறிவைத் தடுக்க வழி தெரியாமல் தலைகள் முறிந்துகொண்டிருக்கவில்லை. ஜப்பானிலும் கொரியாவிலும் செய்யப்பட்ட விலை குறைந்த கிட்டார்கள் பலவற்றில், பலகையைச் சரிவாக அறுத்து, துண்டைத் திருப்பிப் போட்டு ஒட்டித் தலை செய்தார்கள். பழைய ஸ்பானியக் கிட்டார்காரர்களும் செய்த வேலைதான் இது. ரேகை தலையின் போக்கிலேயே ஓடும்; மரமும் மிச்சம். பெரிய இலை மகோகனி 2003 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கும்போது, மரம் மிச்சமாவது சிறு காரியமில்லை. அப்படியிருந்தும் லெஸ் பால் ஸ்டாண்டர்ட் இன்றும் ஒரே துண்டு மகோகனிக் கழுத்தோடும் 17 டிகிரித் தலையோடும்தான் தொழிற்சாலையிலிருந்து வெளியே வருகிறது. வாங்குபவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். நிறுவனத்தை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது. திருத்தத்தைக் கொடுத்தபோது வேண்டாமென்று திருப்பியது வாசிப்பாளர் உலகம்.

கிட்டார் வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். எங்காவது அனுப்பும்போது தந்திகளைத் தளர்த்தி, தலைக்கு அடியிலும் மேலும் துணி சுருட்டி வையுங்கள். முறிந்துவிட்டால் உடனே தந்திகளைத் தளர்த்துங்கள். சிதறிய சிம்புகளைப் பொறுக்கி ஓர் உறையில் போடுங்கள். முறிந்த முகங்களை விரலால் தடவாதீர்கள், சேர்த்து அழுத்திப் பார்க்காதீர்கள். சூப்பர் குளூவைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். அது பொருந்தும் முன் இறுகி, மரத்தின் துளைகளை அடைத்து, அடுத்து வருபவரின் நல்ல பசைக்கு இடமில்லாமல் செய்துவிடும். தலை முறிந்த கிட்டார் ஒன்று உங்கள் வீட்டு மூலையில் பல காலமாகச் சாய்ந்து கிடந்தால், இந்த மாதமே அதை நல்ல பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.